அடியாமலும் படியும்



"அடியாத மாடு படியாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஏரில் பூட்டிய எருதுக்காகப் பிறந்த இந்த மொழி, காலப்போக்கில் பள்ளிப் பிள்ளைக்கும் வீட்டு நாய்க்கும் பொருந்துவதாகக் கொள்ளப்பட்டது. கையில் கோல் இல்லாதவன் எவருக்கும் எதையும் கற்பிக்க இயலாது என்று நம்பி வாழ்ந்த தலைமுறைகள் பல. அந்த நம்பிக்கை எவ்வாறு தளர்ந்தது என்பதை நாயின் வரலாற்றைக் கொண்டு காண்பதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நிலம், பாலக்காட்டுக் கணவாய் முதல் இடுக்கி மலைகள் வரை நீண்டு கிடக்கும் தமிழக, கேரள எல்லை. தாய்மாநிலத்தைப் பிரிந்து பிற மாநிலங்களில் வாழும் உங்களைப் போலவே, தமிழ் பேசிக்கொண்டு வேறு மாநிலத்தில் வாழும் மக்கள் நிறைந்த நிலம் அது.

முதலில் அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியில், பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மேல் மலை சரிந்து விழுந்தது. லயங்கள் என்று தோட்டத்தார் வழங்கும் வரிசை வீடுகள் மண்ணோடு மண்ணாயின. உயிர் துறந்தோர் 70 பேர். அவர்களுள் நால்வருடைய உடல் இறுதிவரை கிடைக்கவேயில்லை. மாண்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் வழிவந்தோர்.

மண்ணைத் தோண்டித் தேடும் பணி நாள்தோறும் நடந்தது. கேரளக் காவல்துறையின் பயிற்சி பெற்ற நாய்களும் அங்கே கொண்டுவரப்பட்டன. அவற்றைத் தவிர இன்னொரு நாயும் அங்கே தேடிக்கொண்டிருந்தது. அதற்கு எவரும் கட்டளையிடவில்லை. எந்தப் பள்ளியிலும் அது பயின்றதில்லை. குவி என்பது அதன் பெயர். லயத்தில் வளர்ந்த எளிய நாட்டு நாய் அது. ஆகஸ்டு 14ஆம் நாள், ஆற்றின் ஓரிடத்தில் நின்று, நீரையே நோக்கியபடி அது அவ்விடத்தைவிட்டு நகராதிருந்தது. ஐயுற்ற மீட்புப் பணியாளர் அங்கே தேடினர். குடியிருப்புக்குக் கீழே சில கிலோமீட்டர் தொலைவில், வெள்ளம் அடித்துச் சென்று சேர்த்திருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையின் உடல் அங்கே கிடைத்தது. குவியோடு நாள்தோறும் விளையாடிய குழந்தை அது.

பயிற்சி பெற்ற நாய், பயிற்சி பெறாத நாய் ஆகிய இரண்டும் ஒரே மண்ணில் மனிதரைத் தேடின. இரண்டும் கற்ற பாடம் யாது? எவர் கற்பித்தார்? கோல் கற்பித்ததா, வேறொன்று கற்பித்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண, நாம் சற்றுப் பின்னே செல்லவேண்டும்.

எல்லை நிலமும் அதன் நாய்களும்

மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டில் வாயிலொன்று திறந்துவிட்டதுபோல் இடைவெளி விட்டு நிற்கிறது. வாளையாறு வழியாகச் சாலையும் இருப்புப்பாதையும் அதனூடே செல்கின்றன. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். தெற்கே இடுக்கியில் மலை இடைவெளி விடுவதில்லை; போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளின் மூலமே தேனிப் பக்கத்துத் தொழிலாளர் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்வர். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் நின்றன. நாடு பிரிந்தது, மக்கள் போக்குவரவு நிற்கவில்லை. அவர்களுடன் சென்ற நாய்களின் போக்குவரவும் நிற்கவில்லை.

நாய்க்கு ஞமலி என்னும் பழம்பெயர் ஒன்று உண்டு. சங்க நூல்களைப் பயின்றோர் அதனை அறிவர். சேரநாட்டுப் பகுதிகளுள் ஒன்றான பூழிநாட்டில் வழங்கிய சொல் அது என்று பழைய இலக்கண உரைகாரர் குறித்துள்ளனர். இன்று மலையாளத்தார் பட்டி என்று சொல்ல, நாம் நாய் என்கிறோம். எனினும், நம் இலக்கியம் போற்றிவைத்த ஒரு சொல்லை மலைக்கு மேற்கே இருந்தவர்கள் நமக்குத் தந்தார்கள் என்பது நினைக்கத்தக்கது.

எல்லை மலையின் கிழக்கு அடிவாரத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளது கோம்பை என்னும் ஊர். செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்ட கோம்பை நாய் அவ்வூரின் பெயரைத் தாங்கியது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம் அது. பாளையக்காரர் காலத்தில் அவர்கள் விரும்பி வளர்த்தமையால் பாளையக்காரர் நாய் என்றும் வெள்ளையர் அதனைக் குறித்தனர்.

இத்தகைய நாய்களுக்கு அக்காலத்தில் எவர் பாடம் சொன்னார்? ஏடெழுதி வைத்த ஆசிரியர் எவருமிலர். ஆனால் முறை ஒன்று இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு "தோ, தோ" என்று அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஓசை கேட்டால் உணவு உண்டு என்பதை நாய்க்குட்டி இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறது. "சூ" என்றால் பாயவேண்டும் என்பதும் அவ்வாறே கற்றதுதான். வேட்டையில் கிடைத்ததில் நாய்க்கும் ஒரு பங்கு எறிவது வேடர் வழக்கம். செய்த செயலுக்கு உடனே பயன் கிடைத்தது. அதனால் அச்செயலை நாய் மறுபடியும் செய்தது. அறிஞர் பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த உண்மையின் வித்து, நம் அடுக்களை வாயிலிலேயே கிடந்தது என்பது மிகையன்று.

ஆயினும் அது பாதி உண்மையே. அதே வீட்டில் அதே நாயைக் கல்லால் எறியும் கையும் இருந்தது. "கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்னும் பழமொழிக்கு ஆன்றோர் பல நயமான பொருள் கூறுவர். நேரான பொருளையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. நாயைக் கண்டவுடன் நம் கை கல்லைத் தேடிற்று.

சாட்டையின் காலம்

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். காட்டை அழித்துத் தோட்டங்கள் எழுந்தன. துரைமார் வேட்டைக்கு நாய்களை வளர்த்தனர். ஆங்கில நாட்டு வேட்டை முறையில், நாய்க்கூட்டம் சிதறாதவாறு சாட்டையுடன் குதிரையேறி உடன் செல்லும் பணியாள் ஒருவர் உண்டு. அவருடைய பதவிக்குச் சாட்டையைக் கொண்டே பெயர் அமைந்தது. அப்பெயர் பின்னர் ஆங்கிலப் பாராளுமன்றத்திற்குள்ளும் புகுந்தது. கட்சி உறுப்பினர் சிதறாமல் வாக்களிக்கச் செய்பவர் அப்பெயரைப் பெற்றார். இன்று நம் சட்டமன்றங்களில் "கொறடா" என்று அழைக்கப்படுபவர் அவருடைய வழித்தோன்றலே. கொறடா என்றாலும் சாட்டை என்றே பொருள். வேட்டை நாயின் முதுகிலிருந்து ஒரு சொல் எவ்வளவு தொலைவு பயணம் செய்துவிட்டது பாருங்கள்.

சாட்டையும் கோலும் அக்காலத் தோட்டங்களில் நாய்களுக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. கங்காணிகளின் அதட்டலின்கீழ் உழைத்த மக்களின் கதையை மலைத்தோட்டத்துத் தமிழர் தம் பாட்டன் பாட்டிமாரின் வாய்மொழியாகக் கேட்டிருப்பர். மனிதரை விலங்குடன் வைத்து எண்ணுவது என் கருத்தன்று. அச்சமே ஒழுங்கின் தாய் என்னும் ஒரே நம்பிக்கை, அக்காலத்தில் எல்லா உயிர்மீதும் கவிந்திருந்தது என்பதையே சொல்லுகிறேன்.

காவல்துறை நாய்களின் பயிற்சியும் அந்நம்பிக்கையின்மீதே எழுந்தது. ஜெர்மானியக் காவல் அதிகாரியான கோன்ராடு மோஸ்ட் என்பவர் 1910இல் நாய்ப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். செயலும் அதன் பயனும் ஒன்றையொன்று உடனே தொடரவேண்டும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். பரிசுக்கும் அந்நூலில் இடம் உண்டு. ஆயினும் முதலிடம் வற்புறுத்தலுக்கே: கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுத்தல், அதட்டல், அடி. இரு உலகப் போர்களிலும் நாய்களைப் பழக்கியவர்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றினர். நம் நாட்டில் சென்னைக் காவல்துறை, விடுதலைக்குப் பின் நாய்ப்படை அமைப்பதில் முன்னோடியாக விளங்கியது. கேரளக் காவல்துறையின் நாய்ப்படை 1959இல் தொடங்கியது. அக்காலத்துப் பயிற்சிக் களங்களில் இறுகும் சங்கிலியே நாயின் பாடநூல்.

தகரத் தவளையின் ஓசை

இதற்கிடையில் கடல்கடந்த நாடுகளில் அறிவியலாளர் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தனர். 1898இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு தார்ண்டைக், பூனைகளையும் நாய்களையும் தாழிட்ட பெட்டிகளில் அடைத்து, அவை திறந்து வெளிவரக் கற்கும் காலத்தை அளந்தார். இன்பமான விளைவைத் தந்த செயல் நிலைபெறுகிறது என்று அவர் முடிவு கண்டார். ரஷிய நாட்டில் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஓசையைத் தொடர்ந்து எழுப்பினால், பின்னர் ஓசையளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் காட்டினார். நம் "தோ, தோ" அழைப்புக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது.

இவ்விரண்டையும் இணைத்து, கற்பிக்கும் கலையாக்கியவர் பி. எஃப். ஸ்கின்னர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்றின் மேல்மாடியில், அவரும் அவருடைய தோழர்களும் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தனர். ஒரு செயலை முழுமையாகச் செய்யும்வரை காத்திராமல், அதை நோக்கிய ஒவ்வொரு சிறு அசைவுக்கும் உடனே தானியம் கொடுத்தால், புறா வியக்கத்தக்க விரைவில் கற்பதை அங்கே கண்டனர். சிற்பி மண்ணைப் பிசைந்து உருவாக்குவதுபோல் செயலை உருவாக்கலாம் என்பது புலனாயிற்று.

1951 டிசம்பரில் ஸ்கின்னர் பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்பதே அதன் பொருள். நாயைப் பழக்க விரும்புவோர் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் அவர் எழுதினார். அக்கருவி நமக்குப் புதியதன்று. திருவிழாக் கடைகளில் குழந்தைகள் வாங்கி, விரலால் அழுத்தி "டிக், டிக்" என ஓசை எழுப்பும் தகரத் தவளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவே இன்று "கிளிக்கர்" என்று வழங்கும் சொடுக்குக் கருவியின் மூதாதை.

இத்தகைய ஓசை எதற்கு? உணவு கொடுப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நாய் உட்கார்ந்த கணத்திலேயே உணவு அதன் வாயை அடைந்துவிடாது. நாம் பையில் கைவிட்டு எடுப்பதற்குள் அது எழுந்து நிற்கும். எழுந்து நின்றதற்கே பரிசு என்று எண்ணிக்கொள்ளும். கருவியின் ஓசையோ கணப்பொழுதில் சென்று சேரும். "இதோ, இந்தச் செயல்தான், உனக்குரியது வந்துகொண்டிருக்கிறது" என்று அது அறிவிக்கும். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரீலண்டும் மேரியன் பிரீலண்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, கோழி முதல் பல்வேறு விலங்குகளை இம்முறையில் பழக்கிக் காட்டினர். 1963 முதல் ஹவாய்த் தீவில் கேரன் பிரையர் என்னும் அம்மையார் டால்பின்களை ஊதல் ஓசையால் பழக்கினார். நீருக்குள் இருக்கும் டால்பினுக்குக் கழுத்துப் பட்டை கட்டமுடியாது. அடித்தால் அது நீந்திப் போய்விடும். கோலுக்கு எட்டாத உயிரே கோலில்லாக் கல்வியை மனிதனுக்குக் கற்பித்தது. அவர் 1984இல் வெளியிட்ட நூல், அம்முறையை வீட்டு நாய்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. 1990களில் கிளிக்கர் பயிற்சி பல நாடுகளில் பரவியது.

ஓசையும் உணவும் சொல்லும்

முறை எளியது, பொறுமைதான் அரியது. முதல் நாளில் எக்கட்டளையும் வேண்டா. கருவியை ஒருமுறை சொடுக்கி, உடனே பட்டாணி அளவு உணவு ஒன்று கொடுக்கவேண்டும். வேகவைத்த கோழித்துண்டோ முட்டைத்துண்டோ போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டு ஆகியவை நாய்க்குத் தீங்கு என்பதை நினைவிற்கொள்க. பத்துப் பதினைந்து முறை இவ்வாறு செய்தபின், ஓசை கேட்டதும் நாய் காதை நிமிர்த்தி நம்மை நோக்கும். மொழி பிறந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, உணவை அதன் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்குமேல் பின்புறமாகக் கொண்டுசென்றால், நாய் மேலே நோக்கி இயல்பாகவே உட்காரும். பின்புறம் தரையைத் தொட்ட அக்கணமே ஓசை, ஓசைக்குப்பின் உணவு. ஓசை எழுப்பிவிட்டு உணவு தராமல் ஏமாற்றலாகாது. இது தடையின்றி நடக்கத் தொடங்கிய பின்னரே "உட்கார்" என்னும் சொல்லைச் சேர்க்கவேண்டும். நம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். பொருள் அறியாத சொல்லைப் பத்துமுறை உரக்கக் கூறி, பதினோராம் முறை கையை ஓங்குகிறோம். "இரு" என்று நிறுத்தக் கற்பிக்கும்போது முதலில் ஒரு நொடி, பின்னர் இரண்டு நொடி, பின்னர் ஓரடி விலகுதல் எனப் படிப்படியாக ஏறவேண்டும். "வா" என்று அழைத்து வந்த நாயை எக்காரணத்தாலும் கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால் அச்சொல்லே அதற்கு அச்சமாகிவிடும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். பாடம் நிலைத்தபின் கருவியை எடுத்து வைத்துவிடலாம்; பாராட்டும், எப்போதாவது ஒரு துண்டு உணவும் அதனைக் காக்கும்.

எல்லை நிலத்தில் இம்முறைக்கு ஒரு தனிச்சுவை உண்டு. தமிழன் "இரு" என்றால் அசையாமல் பொறுத்திரு என்று பொருள். மலையாளி "இரி" என்றால் உட்கார் என்று பொருள். "இருக்கை" என்னும் சொல்லை நோக்கினால் நம் முன்னோரும் இருத்தலை உட்காருதலாகவே கொண்டனர் என்பது விளங்கும். மலை நடுவே எல்லைக்கோடு விழுந்தபின் ஒரே வேர்ச்சொல் இருபுறமும் வெவ்வேறு வேலை பார்க்கிறது. ஆனால் "வா", "போ", "எடு", "விடு" ஆகியவை இருபுறமும் ஏறத்தாழ ஒன்றே. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வீட்டில் பிறந்த குட்டி, அடுத்த தெருவில் மலையாள வீட்டுக்குச் சென்றால் என்ன செய்யும்? சொல்லின் இலக்கணத்தை அது ஆராய்வதில்லை. எந்த ஓசைக்குப்பின் எது நேர்கிறது என்பதையே கவனிக்கிறது. சில நாளில் இரு மொழியும் கற்றுவிடும். வேற்று மாநிலத்தில் வாழும் உங்கள் வீட்டு நாய் குழந்தையிடம் தமிழும் காவலாளியிடம் இந்தியும் கேட்டு, இரண்டுக்கும் வாலாட்டுவது இதனால்தான்.

ஓர் ஐயம் எழலாம். உணவு காட்டிப் பழக்குவது கைக்கூலி கொடுப்பதாகாதா? கூலி வேறு, கைக்கூலி வேறு. கைக்கூலி செயலுக்கு முன்னே ஆசை காட்டுவது. கூலி செயலுக்குப் பின்னே உரிமையாக வருவது. தொடக்கத்தில் வழிகாட்டுவதற்காக உணவைக் கையில் காட்டினாலும், ஓரிரு நாளில் அதனை மறைத்துவிட வேண்டும் என்று பயிற்சியாளர் வற்புறுத்துவது இதற்காகவே. உழைத்த அன்றே கூலி கையில் விழவேண்டும் என்பதன் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மற்றோர் ஐயம், அடித்தாலும்தான் நாய் படிகிறதே என்பது. படிகிறது, ஆனால் அதற்கு விலை உண்டு. 2020இல் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர் பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற 92 வீட்டு நாய்களை ஆராய்ந்தனர். தண்டனை மிகுந்த பள்ளி நாய்களிடம் மனஅழுத்தத்தின் அறிகுறிகளும், எச்சிலில் அழுத்தத்தைக் காட்டும் சுரப்பின் உயர்வும் மிகுதியாகக் காணப்பட்டன. நன்மையும் தீமையும் நிச்சயமில்லாத புதிய சூழ்நிலையில், அந்நாய்கள் தீமையையே எதிர்பார்த்துத் தயங்கின. அடிபட்ட உயிர் உலகத்தை எவ்வாறு நோக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பந்துக்காகத் தேடும் நாய்

இன்று காவல், வனம், இருப்புப்பாதை ஆகிய துறைகளின் மோப்ப நாய்ப் பயிற்சியில் பரிசே அடிப்படையாகியுள்ளது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பில், போத்தனூரில், ரயில்வே பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி நிலையம் உள்ளது. திருச்சூர் ராமவர்மபுரத்துக் காவல் அகாடமியில் கேரளக் காவல்துறை தன் நாய்களைப் பழக்குகிறது. வனவிலங்குக் குற்றங்களைத் துப்பறியும் நாய்களைப் பயிற்றும் திட்டம் ஒன்று 2008இல் நம் நாட்டில் தொடங்கியது. அதன்பின் பல மாநிலங்களின் காடுகளில் அவை பணியாற்றுகின்றன.

மோப்ப நாய்க்குப் பாடம் இவ்வாறு தொடங்கும். ஒரு மணத்தைக் கண்டுபிடித்தால் தனக்குப் பிடித்த பந்து கிடைக்கும் என்பதை அது கற்கிறது. சந்தனமோ, வெடிமருந்தோ, மண்ணுக்கடியில் கிடக்கும் மனித உடலோ, அதற்கு எல்லாம் பந்துக்குச் செல்லும் வழியே. அச்சத்தால் பழகிய நாய், தவறு செய்யலாகாதே என்று ஆளின் முகத்தையே நோக்கி நிற்கும். பரிசால் பழகிய நாயோ ஆளை மறந்து, மணத்தைப் பின்பற்றித் தானே முடிவெடுக்கும். மண்சரிவில் இவ்விரண்டாம் நாயே பயன்படும்; ஏனெனில், எங்கே தேடவேண்டும் என்பது அங்கே எந்த மனிதனுக்கும் தெரியாது.

கேரளக் காவல்துறையின் மாயா, மர்ஃபி என்னும் பெல்ஜியன் மலினாய்ஸ் நாய்கள் அத்தகையவை. 2025 பிப்ரவரி 22ஆம் நாள் தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்து எண்மர் உள்ளே அகப்பட்டபோது, அவ்விரு நாய்களும் கேரளத்திலிருந்து வரவழைக்கப்பட்டு, சேற்றுக்குள் உடல் கிடந்த இடத்தைக் காட்டின. நியூயார்க்கில் 2001இல் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபோது, தேடித்தேடி உயிருள்ள எவரையும் காணாது சோர்ந்த நாய்களுக்காக, மீட்புப் பணியாளர் தாமே இடிபாட்டில் ஒளிந்துகொண்டு, நாய் கண்டுபிடித்ததும் எழுந்து பாராட்டினர். தேடுதல் பயனற்றது என்று நாய் எண்ணிவிடலாகாது என்பதற்காக, துயரத்தின் நடுவிலும் மனிதர் அந்தச் சிறு நாடகத்தை நடித்தனர்.

மீண்டும் பெட்டிமுடி

இனி, தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். குழந்தையைக் கண்டுபிடித்த பின் குவி சோர்ந்து கிடந்தது, உணவைத் தொடவில்லை. மீட்புப் பணிக்கு வந்திருந்த காவல்துறை நாய்ப்படைப் பயிற்சியாளர் ஒருவர் அதனைக் கவனித்தார். அருகமர்ந்து, பொறுத்திருந்து, தம் கையால் உணவூட்டிப் பழகினார். அதிகாரிகளின் இசைவுடன் அது நாய்ப்படையினரின் காப்பில் வைக்கப்பட்டது. அக்குடும்பத்தில் உயிர் பிழைத்த பாட்டி பின்னர் அதனை விரும்பிக் கேட்க, 2021 ஏப்ரலில் அது அவரிடம் திரும்பியது. மலையாளம் பேசும் காவலரின் கைக்கும் தமிழ் பேசும் பாட்டியின் மடிக்கும் இடையே அந்நாய் மொழி தெரியாது தடுமாறியதாக எவரும் சொல்லவில்லை.

பந்துக்காகத் தேடிய நாயின் கல்வி நமக்கு விளங்குகிறது. குவிக்கோ எவரும் பந்து காட்டவில்லை. நாள்தோறும் உடன் விளையாடிய குழந்தையே அதற்கு எல்லாப் பரிசும். இதனைக் கட்டளையால் கற்பிக்க இயலாது. கோலால் கற்பிக்கவே இயலாது. ஆயினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: மனிதனிடம் சென்றால் நன்மை உண்டு என்று நாய் நம்பியது. அந்த நம்பிக்கையே பயிற்சியின் முதற்பாடம். அதைக் கல்லெறிந்து அழித்துவிட்டுப் பின்னர்க் கருவி வாங்கிப் பயனில்லை.

அன்பர்களே, நீங்கள் மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீட்டில் வாழலாம். உங்கள் பிள்ளை ஒரு நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். பின்னர்ப் பிள்ளையின் ஒரு கையில் சொடுக்குக் கருவியையும், மறு கையில் சிறிது உணவையும் கொடுங்கள். கருவி கிடைக்காவிடின் பொத்தான் அழுத்தும் பேனா போதும். நாவைச் சொடுக்கும் ஓசையும் போதும். நாய் உட்காரக் கற்பதற்கு இரண்டு நாள் ஆகலாம். அதற்குள் பிள்ளை வேறொன்று கற்றிருக்கும்: தவற்றைத் தேடித் தண்டிப்பதைவிட, நல்லதைக் கண்ட கணத்தில் தவறாது பாராட்டுவது கடினம் என்பதையும், அதுவே விரைவில் பயன் தரும் என்பதையும்.

அடியாத மாடு படியாது என்றனர் முன்னோர். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்றும் அவர்களே சொல்லிவைத்தனர். இரண்டு பழமொழிகளில் எதனை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது. எதை நம் கை ஏந்துகிறது என்பதை நாய் பார்த்துக்கொண்டே இருக்கிறது.